கோவா சோரிஸ் உருளைக்கிழங்கு: முதல் தடவ செய்யறவங்களுக்கு

கோவா போயிட்டு வர்றவங்க நெறைய பேரு முந்திரிப் பருப்போட ஒரு சரம் சோரிஸும், அதாவது அந்த ஊர் பன்னிக்கறி சாசேஜும், வாங்கிட்டு வந்துடறாங்க, வந்தப்புறம் அத ஃப்ரீசர்ல போட்டுட்டு எப்படி செய்யறதுன்னு தெரியாம அப்படியே வச்சிருக்காங்க. பாக்கெட்ல வர்ற சாசேஜ் மாதிரி தவால போட்டு பொரட்டினா வெளிய கருகிடும், உள்ள வேகாது. நம்ம கறிக்குழம்பு மாதிரி இஞ்சி பூண்டு விழுது, மொளகாத்தூள், கரம் மசாலான்னு வரிசையா போட்டா உப்பும் காரமும் ஏறி ஒரு வாய்க்கு மேல சாப்பிட முடியாது. அதனால பன்னிக்கறியே வீட்ல சமைச்சுப் பழக்கமில்லாதவங்களும் தைரியமா செய்யற மாதிரி ஒண்ணொண்ணா சொல்றேன். கோவாவுல கிறிஸ்தவ வீடுகள்ல சாதாரண நாள்லயே செய்யற அயிட்டம் தான் இது, அங்க சோரிஸ் படாட்டான்னு சொல்லுவாங்க. ஒரு மணி நேரம் ஒதுக்கினா தாராளமா போதும்.

மொதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கோங்க. இந்த சாசேஜுக்குள்ளயே மசாலா, உப்பு, புளிப்பு, கொழுப்பு எல்லாம் அளவா போட்டு ஊறி காஞ்சு தான் நம்ம கைக்கு வருது. நாம சேர்க்க வேண்டியது தண்ணி, வெங்காயம், உருளை, நேரம், இவ்வளவு தான். கை பரபரன்னு மசாலா டப்பா பக்கம் போகும், போக விடாதீங்க.

சோரிஸ்னா என்ன

போர்ச்சுகீசியர் 1510ல கோவாவ புடிச்சாங்க, 1961 டிசம்பர் வரைக்கும் அவங்க கைல தான் இருந்துச்சு. அவங்க ஊர்ல சோரிசோன்னு ஒரு பன்னி சாசேஜ் இருக்கு, பூண்டு, வைன், காரமே இல்லாத செவப்பு மொளகாப் பொடி போட்டு செஞ்சு பொகையில காய வைக்கிறது. அது கோவாவுக்கு வந்து ஆளே மாறிடுச்சு. வைனுக்குப் பதிலா தென்னங்கள்ளுலேர்ந்து செய்யற வினிகர், அந்த சப்புன்ன மொளகாப் பொடிக்குப் பதிலா காஷ்மீரி மொளகா, கூடவே மிளகு, கிராம்பு, பட்டை, சீரகம், மஞ்சள், இஞ்சி, பூண்டு. சில வீட்ல ஃபெனிங்கற கோவா சாராயமும் கொஞ்சம் ஊத்துவாங்க. மொளகாயும் சரி உருளைக்கிழங்கும் சரி அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து கப்பல் ஏறி வந்த சரக்கு தான், இன்னிக்கு அது ரெண்டும் இல்லாம கோவா சமையலே கிடையாது, நம்ம சமையலும் அப்படித்தான்.

செய்யற விதத்த தெரிஞ்சுகிட்டா சமைக்கிறது ஈஸி. கறியையும் கொழுப்பையும் கொத்தாம சின்ன சின்ன துண்டா நறுக்கி, உப்பு போட்டு, மேல கனமா எதையாவது வச்சு தண்ணி வடிய விடுவாங்க. அப்புறம் வினிகர்ல அரைச்ச மசாலாவுல நாள் கணக்கா ஊற வச்சு, சுத்தம் பண்ணின குடலுக்குள்ள அடைச்சு, நூல் கட்டி, வெயில்ல காய வச்சு, அடுப்புக்கு மேல பொகையில தொங்க விடுவாங்க. இதுல எந்த இடத்துலயும் கறி வேகல பாருங்க. உப்பு, வினிகர், வெயில், பொகை எல்லாம் கெட்டுப்போகாம காப்பாத்தும், ஆனா அது பச்சைக் கறி தான். அப்படியே கடிச்சு டேஸ்ட் பாக்கறது, அரைவேக்காட்டுல எறக்கறது ரெண்டும் கூடவே கூடாது, பன்னிக்கறிய முழுசா வேக வச்சு தான் சாப்பிடணும்.

கோவாவுல இத வெயில் காலத்துல நெறைய செஞ்சு மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பாங்க. அப்படி மழைக்கு முன்னாடி சாமான் சேர்த்து வைக்கிறதுக்கு புருமெந்த்னு பேரு, கருவாடு, காஞ்ச எறா, மொளகா, புளிப்புக்குப் போடற கோக்கம் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கும். ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் மேற்குக் கடற்கரையில மீன்பிடி தடை, நல்ல மீன் கெடைக்காது, வெளிய கொட்டோ கொட்டுன்னு மழை கொட்டும், அப்ப சட்டியில சோரிஸ் கொதிக்கிற வாசனை வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. இலங்கைல இருக்கறவங்களுக்கு லிங்குஸ் தெரிஞ்சிருக்கும், அதுவும் போர்ச்சுகீசிய சாசேஜ் வழியில வந்தது தான், இதுக்கு ஒரு வகையில பங்காளி.

வாங்கும்போது

கோவாவுல மாப்புசாங்கற ஊர் மார்க்கெட்ல வெள்ளிக்கிழமை சந்தை தான் பெரிய சந்தை, அங்க பெண்கள் சரம் சரமா தொங்க விட்டு விப்பாங்க. மட்காவ், பணஜி மார்க்கெட்லயும் கெடைக்கும். ரெண்டு விதமா பாக்கலாம், ஒண்ணு ஜெபமாலை மாதிரி குட்டி குட்டி மணியா கோத்தது, இன்னொண்ணு விரல் நீளத்துக்கு குண்டா இருக்கறது. உருளையோட செய்யறதுக்கு ரெண்டுமே சரி, ஆனா மொதல் தடவன்னா குண்டா இருக்கறத வாங்குங்க, தோல உரிக்கிறது சுலபம், குட்டி மணிய ஒவ்வொண்ணா உரிச்சு முடிக்கறதுக்குள்ள பொறுமை போயிடும். தோல் இல்லாம பாக்கெட்ல கறிய மட்டும் போட்டு விக்கிறதும் உண்டு, அவசரத்துக்கு நல்லது.

கைல எடுத்து அமுக்கிப் பாருங்க. வெளிய வறண்டு, உள்ள லேசா அமுங்கணும். கருஞ்செவப்பா இருக்கணும், பளிச்சுன்னு ரோஸ் கலந்த செவப்பா இருந்தா கலர் பொடி போட்டிருக்க வாய்ப்பு அதிகம், அத விட்டுடுங்க. மூக்கு கிட்ட வச்சா வினிகரும் பூண்டும் பொகையும் சேர்ந்து குப்புன்னு அடிக்கணும். மேல பிசுபிசுன்னு கொழகொழப்பா இருந்தாலோ, பச்சையா பூசணம் புடிச்சிருந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ எவ்வளவு கம்மி வெலைன்னாலும் வேணாம். தோலுக்கு உள்ள வெள்ளை வெள்ளையா தெரியறது கொழுப்பு, அது கொஞ்சம் இருந்தே ஆகணும் ஏன்னா நாம எண்ணெயே ஊத்தப் போறதில்ல, ஆனா பாதிக்கு மேல வெள்ளையா தெரிஞ்சா காசு குடுத்து கொழுப்பு வாங்கின கதை ஆயிடும். இன்னொண்ணு, அடைக்கிற குடல் சில எடத்துல பன்னியோடது, சில எடத்துல மாட்டோடது. மாட்டுக்கறி சாப்பிடாதவங்க வாங்கும்போதே கேட்டுடுங்க.

ஊருக்கு எடுத்துட்டு வரும்போது ரெண்டு மூணு கவர் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு டப்பால வச்சு எடுத்துட்டு வாங்க, இல்லன்னா பெட்டில இருக்கற துணியெல்லாம் மாசக்கணக்குல வினிகர் வாசனை அடிக்கும். கோவாவுல சமையக்கட்டுல கொக்கியில தொங்க விட்டே வச்சிருப்பாங்க, அத பாத்துட்டு சென்னை வீட்ல தொங்க விட வேணாம், நம்ம சமையக்கட்டுல அந்த பொகையும் இல்ல, காத்துல ஈரமும் ஜாஸ்தி. ஒரு வாரத்துக்குள்ள சமைக்கறதா இருந்தா ஃப்ரிட்ஜ், இல்லன்னா ஒரு தடவைக்கு வேண்டியத தனித்தனியா பிரிச்சு ஃப்ரீசர்.

என்னென்ன வேணும்

மூணு நாலு பேருக்கு 250 கிராம் சோரிஸ், நடுத்தர சைஸ் உருளை மூணு நாலு அதாவது 350 கிராம் கிட்ட, பெரிய வெங்காயம் ரெண்டு. பச்சை மொளகா ஒண்ணோ ரெண்டோ, அதுவும் வாசனைக்கு தான், காரம் ஆகாதவங்க விட்டுடலாம். தக்காளி ஒண்ணு சின்னதா சில பேரு போடுவாங்க, என் கருத்து வேணாம், ஏற்கனவே வினிகர் புளிப்பு இருக்கு, தக்காளி வந்தா நம்ம தொக்கு ருசிக்கு போயிடும். உப்பு மேடைக்கே வர வேணாம். பாத்திரம் அடி கனமா இருக்கணும், மூடி இருக்கணும். இரும்புச் சட்டி, அலுமினியக் கடாய்ல செஞ்சா வினிகர் புளிப்பு பட்டு லேசா உலோக வாடை வரலாம், அதனால அடி கனமான எவர்சில்வர் தான் நல்லது, மண்சட்டி இருந்தா இன்னும் நல்லது, கோவாவுலயும் பழைய வீடுகள்ல மண்சட்டி தான்.

தோல் உரிக்கிறது

கத்தரிக்கோலால நூல வெட்டி ஒவ்வொண்ணா பிரிச்சுக்கோங்க. கத்தி முனையால தோல நீளவாக்குல கீறி, கட்டை விரலால உள்ள இருக்கற கறிய வெளிய தள்ளுங்க. ரொம்ப காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தா வெதுவெதுன்னு இருக்கற தண்ணில ஒரு அஞ்சு பத்து நிமிஷம் போட்டு எடுத்தா தோல் இளகி தானா உரிஞ்சு வரும், அந்த தண்ணிய கீழ கொட்டிடாதீங்க, மசாலா எறங்கியிருக்கும், அதையே சமைக்கவும் ஊத்தலாம். கை செவந்து போகும், மொளகா எரியும், அந்தக் கையோட கண்ணத் தொட்டுடாதீங்க, முடிஞ்சா கிளவுஸ் போட்டுக்கோங்க. வெட்டின நூல் துண்ட எண்ணி ஒரு ஓரமா வச்சுக்கறது நல்லது, சட்டிக்குள்ள போயிட்டா சாப்பிடும்போது பல்லுல மாட்டும். உள்ள பெரிய கறித்துண்டு இருந்தா ரெண்டா வெட்டிக்கோங்க, மத்தபடி பெசஞ்சு கூழாக்க வேணாம், கறி துண்டு துண்டா இருந்தா தான் கடிக்க நல்லாருக்கும்.

குட்டி மணியா இருக்கறத சில பேரு உரிக்காம அப்படியே முழுசா தண்ணில கொதிக்க விட்டு, தோல் மெத்துனு ஆனப்புறம் எடுத்துடுவாங்க. அதுவும் சரி தான், கொஞ்சம் பழகினப்புறம் அப்படி செஞ்சு பாருங்க.

அடுப்புல

சட்டில சோரிஸ் போட்டு ஒரு கப் தண்ணி ஊத்தி அடுப்ப மீடியம்ல வைங்க. எண்ணெய் ஊத்தக் கூடாது. மொதல்ல தண்ணி செவப்பா கலங்கி மேல நுரை வரும், வினிகர் காரம் மூக்குல ஏறும், ஜன்னலத் தொறந்து விட்டுடுங்க. மூடி போட்டு தீய கொறச்சு பதினஞ்சு நிமிஷம் விடுங்க, அப்பப்ப ஒரு கிண்டு. இந்தத் தண்ணிக்கு ரெண்டு வேலை, ஒண்ணு காஞ்சு போன கறிய வேக வைக்கணும், இன்னொண்ணு கொழுப்ப மெதுவா உருக வைக்கணும். எடுத்த உடனே எண்ணெய்ல போட்டு வறுத்தா மசாலா தான் மொதல்ல கருகும், கறி கல்லு மாதிரி ஆயிடும்.

பதினஞ்சு நிமிஷம் ஆனதும் மூடிய எடுத்துட்டு தண்ணி சுண்ட விடுங்க. இந்த நேரத்துல பக்கத்துலயே நில்லுங்க, ஃபோன எடுத்துட்டு ஹாலுக்கு போயிடாதீங்க. வெள்ளையா இருந்த கொழுப்புத் துண்டு மெல்ல மெல்ல கண்ணாடி மாதிரி ஆகி சுருங்கும். சளசளன்னு கொதிச்ச சத்தம் மாறி சடசடன்னு பொரியற சத்தம் வரும். அந்த சத்தம் மாறிச்சுன்னா தண்ணி போயிடுச்சு, இப்ப இருக்கறது எண்ணெய்னு அர்த்தம். சட்டி ஓரத்துல ஆரஞ்சு கலர்ல எண்ணெய் பிரிஞ்சு நிக்கும். உடனே தீய கம்மி பண்ணிடுங்க.

எவ்வளவு எண்ணெய் நிக்குதுன்னு பாருங்க. ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் போதும், அதுக்கு மேல இருந்தா கரண்டியால எடுத்து ஒரு கிண்ணத்துல ஊத்தி வைங்க. தூக்கிப் போடாதீங்க, நாளைக்கு அதுல ஒரு முட்டை பொரிச்சு சாப்பிட்டுப் பாருங்க, தெரியும்.

இப்ப வெங்காயம். நீளமா, கொஞ்சம் தடிமனா நறுக்கி அந்த எண்ணெயிலயே போட்டு வதக்குங்க. பொன்னிறமா வறுக்க வேணாம், கண்ணாடி மாதிரி ஆகி கொழஞ்சா போதும், வெங்காயத்தோட இனிப்பு தான் வினிகர் புளிப்ப சமாளிக்கப் போகுது. பச்சை மொளகாய கீறி இப்பவே போட்டுடுங்க. அடி பிடிக்கிற மாதிரி இருந்தா ஒரு கை தண்ணி தெளிச்சு சுரண்டி விடுங்க, அடில ஒட்டினது தான் ருசி.

உருளைல தான் முக்கால்வாசி பேருக்கு குழப்பம். அரை மணி நேரமா கொதிக்குது, வேகவே மாட்டேங்குதுன்னு சொல்லுவாங்க. காரணம் வினிகர் தான், புளிப்பு இருந்தா உருளை இளகறதுக்கு நேரம் எடுக்கும், நாம புளிக்குழம்புல காய் வெந்தப்புறம் புளி ஊத்தறோமே அதே காரணம். அதனால புதுசா செய்யறவங்க உருளைய தோல் சீவி முக்கால் இஞ்ச் சதுரமா வெட்டி, தனியா வெறும் தண்ணில ஆறேழு நிமிஷம் கொதிக்க விட்டு முக்கால் பதம் வேக வச்சு வடிச்சுக்கோங்க, உப்பு போடாம. கத்தி குத்தினா எறங்கணும் ஆனா ஒடையக் கூடாது. அத சட்டில போட்டு, அரை கப் தண்ணி ஊத்தி, மூடி போட்டு சிம்ல பத்து நிமிஷம் வைங்க. பச்சையாவே போடறதும் உண்டு, ருசி இன்னும் உள்ள எறங்கும், ஆனா ஒரு கப் தண்ணி, சின்னத் துண்டு, இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு கொறையாம ஆகும், அவசரப்படக் கூடாது.

கடைசியா மூடிய எடுத்து, தீய கொஞ்சம் ஏத்தி, இருக்கற தண்ணிய சுண்ட வைங்க. நாலஞ்சு உருளைத் துண்ட மட்டும் கரண்டி முதுகால நசுக்கி விட்டா அது மசாலாவோட கலந்து திக்கா ஆகி எல்லாத்துலயும் ஒட்டிக்கும், மீதி உருளை முழுசா ஓரம் மட்டும் லேசா மொறுன்னு ஆகணும். உருளையோட உள்பக்கம் வரைக்கும் செவப்பு எறங்கியிருந்தா ஆச்சுன்னு வச்சுக்கலாம். சாதத்துக்கு பெசஞ்சு சாப்பிடறதா இருந்தா கொஞ்சம் ஈரமாவே எறக்கிடுங்க, பாவ் ரொட்டில வச்சு சாப்பிடறதா இருந்தா நல்லா சுண்டணும்.

இப்ப தான் உப்பு பாக்கணும், அனேகமா போட வேண்டியிருக்காது. புளிப்பு தூக்கலா இருந்தா ஒரு சிட்டிகை சக்கரை. உப்போ காரமோ ஜாஸ்தின்னு பட்டா இன்னொரு உருளைய வேக வச்சு சேருங்க, தண்ணி ஊத்தி நீர்க்க விட்டா எல்லாமே சப்புன்னு ஆயிடும். கொத்தமல்லி தூவினா பரவால்ல, கருவேப்பிலை தாளிப்பு மட்டும் வேணாம், அந்த வாசனை வினிகர் பொகை வாசனையோட ஒத்துப்போகல.

குக்கர்ல வைக்கலாமான்னு கேப்பீங்க. சோரிஸ் ரொம்ப பழசாகி கல்லாட்டம் காஞ்சிருந்தா உரிச்ச கறிய மட்டும் தண்ணியோட ரெண்டு விசில் விட்டு அப்புறம் சட்டிக்கு மாத்துங்க. உருளையோட சேர்த்து மொத்தமா குக்கர்ல போட்டா கூழ் தான் கெடைக்கும்.

சோரிஸ் கெடைக்கலன்னா

ஹோட்டல் பஃபேல வைக்கிற காக்டெயில் சாசேஜ் இதுக்கு மாத்தே இல்ல. ஸ்பெயின் சோரிஸோன்னு பெரிய சூப்பர் மார்க்கெட்ல கெடைக்கிறதும் வேற ருசி, இந்தப் புளிப்பு அதுல கெடையாது. அதுக்கு பதில் வீட்லயே மசாலா ஊற வச்ச கறி செஞ்சுக்கலாம், வெயிலும் பொகையும் இல்லாததால முழு ருசி வராது, ஆனா கிட்டத்தட்ட அந்த தெசையில போகும். கொழுப்போட அரை கிலோ பன்னிக்கறி வாங்கி அரை இஞ்ச் துண்டா நறுக்கி, ஒண்ணரை ஸ்பூன் உப்பு பெசறி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சு, காலைல விட்டிருக்கற தண்ணிய வடிச்சுடுங்க. காஷ்மீரி மொளகா பன்னெண்டு, மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், கிராம்பு ஆறு, ரெண்டு இஞ்ச் பட்டை, பூண்டு பத்து பன்னெண்டு பல், ஒரு இஞ்ச் இஞ்சி, அரை ஸ்பூன் மஞ்சள், எல்லாத்தையும் அரை கப் வினிகர்ல ஊற வச்சு நைசா அரைங்க. ஒரு சொட்டு தண்ணி சேர்க்கக் கூடாது. தென்னங்கள் வினிகர் கெடைச்சா அது தான் பெஸ்ட், இல்லன்னா செயற்கை வெள்ளை வினிகர் வேணாம், ஆப்பிள் சைடர் வினிகர் போடுங்க. கறில கலந்து கண்ணாடி இல்லன்னா பீங்கான் பாத்திரத்துல மூடி ரெண்டு மூணு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சு, அப்புறம் மேல சொன்ன மாதிரியே தண்ணி ஊத்தி வேக வைங்க. கறி மெத்துனு ஆக இன்னும் கூடுதலா நேரம் ஆகும், அரை மணி நேரத்துக்கு மேலயே ஆகலாம். இத கண்டிப்பா நம்ம மொட்டை மாடில காய வச்சு குடல்ல அடைக்கறேன்னு மொதல் தடவையே எறங்காதீங்க, பச்சைக் கறிய பதப்படுத்தறது கைப்பழக்கம் உள்ளவங்க வேலை.

எதோட சாப்பிடலாம்

கோவாவுல பாவ் தான், இல்லன்னா தவிடு தூவின பொய். பொய்ங்கறது நடுவுல பை மாதிரி உப்பி இருக்கற கோதுமை ரொட்டி, காலைலயும் சாயங்காலமும் பொதேர்ங்கற ரொட்டிக்காரர் சைக்கிள்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு கொண்டு வந்து விப்பாரு. அத பிரிச்சு உள்ள இத அடைச்சு சாப்பிடணும், அந்த ஆரஞ்சு எண்ணெய் ரொட்டில ஊறி எறங்கும். நம்ம ஊர்ல பேக்கரி பன்னு இனிப்பா இருக்கும், பாவ் பாஜிக்கு விக்கிற பாவ் வாங்குங்க. சன்னான்னு கள்ளு ஊத்திப் புளிக்க வச்ச அரிசி இட்லி ஒண்ணு அங்க உண்டு, அதோடவும் சாப்பிடுவாங்க, அதனால நம்ம இட்லிக்கும் தாராளமா தொட்டுக்கலாம். பருப்பு சாதம், ரசம் சாதத்துக்கு பக்கத்துல ரெண்டு கரண்டி வச்சா வேற பொரியலே வேணாம்.

செஞ்ச அன்னிக்கு விட மறுநாள் இன்னும் நல்லாருக்கும், வினிகர் அடங்கி உருளைக்குள்ள மசாலா முழுசா போயிருக்கும். ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சு மூணு நாளைக்குள்ள முடிச்சுடுங்க, சூடு பண்ணும்போது ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு நல்லா ஆவி பறக்க சூடாக்குங்க. கொஞ்சமா மிஞ்சினா, எடுத்து வச்ச எண்ணெயில ஒரு வெங்காயம் வதக்கி, ரெண்டு கப் வடிச்ச சாதமும் மிஞ்சினதும் போட்டு பெரட்டுங்க, அன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சுது.